கைமாற்று

வாயைத் திறக்கப்போன நானாவின் உதடுகளை நுஸ்ஹா சட்டென்று கையால் பொத்தினாள். பொத்திய பிறகுதான் செய்த வேலை அவளுக்கு உறைத்தது. மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருக்கிற மனிதனின் வாயை யாராவது பொத்துவார்களா? பதறிப்போய்க் கையை இழுத்துக்கொண்டாள். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு தலையணைகளில் சாய்ந்திருந்த அண்ணன் ஹில்மி கோபப்படவில்லை. கண்ணால் மட்டும் சிரித்தான்.

"கதைக்க வாணாம் நானா," என்று கெஞ்சினாள். "இப்பதானே செல்லி முடிச்ச."

சொல்லி முடித்தது கலிமா. அன்று வெள்ளிக்கிழமை. சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு உம்மாவின் தம்பி றவூப் மாமா வந்திருந்தார். ஊர்ப் பள்ளியில் பாங்கு சொல்கிறவர் அவர். மருமகனின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு, காதருகே குனிந்து, லா இலாஹ இல்லல்லாஹ் என்று மெதுவாக ஓதினார். ஹில்மியும் திக்கித் திணறிச் சொல்லி முடித்தான். பிறகு மாமா உம்மாவையும் நுஸ்ஹாவையும் வாசலுக்குக் கூட்டிப்போய் விளங்கப்படுத்தினார். மவுத்தாகப் போகிறவனின் கடைசிப் பேச்சு அதுவாக இருக்க வேண்டும். சொல்லிவிட்டால் அதோடு விட்டுவிட வேண்டும், பேச்சுக் கொடுக்கக் கூடாது. அவன் வேறு எதையாவது பேசிவிட்டால், பேசியதுதான் கடைசியாகிவிடும். மறுபடி ஓதிக்காட்ட வேண்டும். 'சொல்லு' என்று கட்டளை போடவும் கூடாது, சலிப்பில் மாட்டேன் என்றுவிட்டால் என்ன செய்வது? காதில் படுகிற மாதிரி நாம் ஓதினால் போதும்.

நல்ல சட்டம்தான். ஆனால் ஹில்மியின் வாய் சும்மா இருக்கிற வாயா? மாமா படியிறங்கி ரோட்டுக்குப் போயிருக்க மாட்டார், 'ப்ளேன்டி ஈக்கா?' என்று கேட்டுவிட்டான். உம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. ப்ளேன்டியை ஒரு கையிலும் கலிமாவை வாயிலுமாகக் கொண்டு ஓடிவந்தாள். அவன் இரண்டு மிடறு குடித்தான், உம்மாவின் முகத்துக்காகக் கலிமாவையும் சொன்னான். உம்மா நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்ட மறு நிமிடம், 'சீனி காணா' என்றான்.

வேறு வீடாக இருந்தால் சிரிப்பாக இருந்திருக்கும். இந்த வீட்டில் உம்மா ரபீகாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. வாப்பா கொழும்பில் சரக்கெடுத்துக்கொண்டு வரும்போது, கடுகண்ணாவை ஏற்றத்தில், பஸ்ஸுக்குள்ளேயே போய்விட்டவர். பக்கத்து சீட்டுக்காரர் தூங்குகிறார் என்று நினைத்துக் கண்டிவரை தோள் கொடுத்துக்கொண்டு வந்தாராம். ஜனாஸாவுக்கு வந்த ஒவ்வொரு பெண்ணும் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்: கலிமா சென்னா? ஊர் வழக்கம் அது, ஆறுதலுக்காகக் கேட்பது. ஆறுதல்! உம்மாவிடம் பதில் இல்லை. இத்தனை வருடமாக அந்தப் பதில் இல்லாமல்தான் அவள் படுத்தெழும்புகிறாள். இப்போது மகனும் அதே கேள்வியை அவள் தலையில் போட்டுவிட்டுப் போய்விடுவானோ என்று ஈரக்குலை நடுங்கிக்கொண்டிருந்தாள். அந்த நடுக்கம் காலையிலிருந்து நுஸ்ஹாவுக்கும் தொற்றிக்கொண்டது.

ஹில்மி பேச நினைத்தது ப்ளேன்டியைப் பற்றி அல்ல, ஆட்டத்தைப் பற்றி. அது நுஸ்ஹாவுக்குத் தெரியும். அதனால்தான் பாய்ந்து வாயைப் பொத்தினாள்.

கடுகண்ணாவையில் ஒரு அச்சகத்தில் கல்யாணக் கார்டுகளுக்கு டிசைன் போட்டுக்கொண்டிருந்தவன் அவன். நுரையீரல் சிரட்டை மாதிரி இறுகிக்கொண்டே போகும் வியாதி என்று கண்டியில் டாக்டர் சொன்ன நாளோடு வேலையை விட்டான். வீட்டில் கிடந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பைத்தியம் பிடித்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயாலேயே விளையாடுகிற ஆட்டம். பலகை கிடையாது, காய் கிடையாது. ஆளுக்கு ஒரு இயந்திரம், மலை உயரம், இரும்புக் கால். அதன் நெஞ்சுக்கூட்டுக்குள் ஒரு பைலட் உட்கார்ந்து ஓட்டுகிறான். அந்தப் பைலட் நீதான். உன் இயந்திரம் என்ன செய்கிறது என்று நீ சொல்ல வேண்டும். அது நடந்ததா, இல்லையா என்பதை ஆட்டத்தின் சட்டம் தீர்மானிக்கும். வெளிநாட்டுக்காரர்கள் இதற்குத் தலையணை பருமனில் சட்டப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். 'இதப் படிச்சி முடிக்க முந்தி என்ட மூச்சு முடிஞ்சிரும்' என்று ஹில்மி தள்ளிவைத்தான். எங்களுக்கென்று ஒன்று செய்வோம், கல்யாணக் கார்டு ஒன்றின் பின்பக்கத்தில் முழுச் சட்டமும் அடங்க வேண்டும், சோறு தின்கிற நேரத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடிய வேண்டும் என்றான்.

வெளிநாட்டுக்காரர்களுடைய ஆட்டங்களில் எல்லாவற்றையும் பகடைதான் முடிவு செய்யும். அவனும் பகடை வாங்கினான். றவூப் மாமா கண்டுவிட்டார். 'பகடை இந்த ஊட்டுக்குள்ள வாணாம் மகன், ஹராம்' என்றார். ஹில்மி மறுபேச்சுப் பேசவில்லை. மாமாவின் மகன் ஷிஹாபிடம் கொடுத்து எங்கேயாவது வீசச் சொன்னான். அன்று பின்னேரம் பெரிய இருமல் ஒன்று வந்து அடங்கிய பிறகு, வியர்த்துப்போய்க் கிடந்தவன் திடீரென்று, 'பகடை என்னத்துக்கு? மூச்சு ஈக்கே' என்றான்.

அதுதான் சட்டம். ஒரே மூச்சில் எதைச் சொல்லி முடிக்கிறாயோ அது நடக்கும். மூச்சு அறுந்தால் அறுந்த இடத்தில் இயந்திரம் நிற்கும்.

வெள்ளிக்கிழமைகளில் ஷிஹாப் த்ரீவீலரை வாசலில் நிறுத்திவிட்டு வருவான். கட்டிலில் ஹில்மி, கதிரையில் ஷிஹாப், கதவோரத்தில் நுஸ்ஹா, அடுப்படியில் உம்மாவின் சட்டி பானைச் சத்தம். ஹில்மியின் இயந்திரத்துக்குப் பேர் கறுப்பு யானை. ஷிஹாபுடையது இரும்புச் சிங்கம். நுஸ்ஹா தன்னுடையதற்குக் கட்டசம்பல் என்று பேர் வைத்தாள். மிளகாய் இடித்த சம்பல் அது, எதிரி வாயில் வைத்தால் கண்ணீர் வர வேண்டுமாம். முதல் நாளே ஷிஹாப் மாட்டிக்கொண்டான். பாலத்துக்கு அங்கால நிக்கிற மெஷின் எல்லாத்தயும் என்ட சிங்கம் ரெண்டு கையாலயும் அப்பிடியே அள்ளித் தூக்கி, என்றதோடு அவனுக்கு மூச்சு முடிந்துவிட்டது. தூக்கி என்ன? தூக்கி ஒன்றுமில்லை. நுஸ்ஹா சின்ன வகுப்புகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறவள், அவள்தான் கோளாறைக் கண்டுபிடித்தாள். தமிழில் செய்கிற வேலை கடைசியில்தான் வருகிறது, முடிக்காத பேச்சில் எதுவுமே நடந்திருக்காது. ஆகவே வேலையை முன்னால் போட்டுப் பேசப் பழகினார்கள். ஒடஞ்ச பாலம், விழுந்த எதிரி, தாண்டின கறுப்பு யானை என்று வீடெல்லாம் தலைகீழ்த் தமிழ். பாங்கு சொல்கிற றவூப் மாமா மட்டும் ஆட்டத்துக்கு வந்தால் ஒரே மூச்சில் இலங்கை முழுவதையும் பிடித்துவிடுவார் என்று ஷிஹாப் சொல்ல, அடுப்படியில் உம்மாகூடச் சிரித்தாள்.

ஆட்டத்தின் களம் கடுகண்ணாவைக் கணவாய். கீழேயிருந்து ஒரு பஸ் ஏறி வருகிறது. மூன்று இயந்திரங்களும் சேர்ந்து அதைப் பத்திரமாக மேலே கொண்டுவந்து சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் கதை. பஸ்ஸுக்குள் யார் இருக்கிறார்கள் என்று ஹில்மி சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

நாளாக ஆக அவனுடைய மூச்சு குறுகியது. கறுப்பு யானை நாலு அடி வைத்த இடத்தில் ஒரு அடி வைத்தது, பிறகு ஒரு காலைத் தூக்குவதோடு நின்றது. அப்போதுதான் அவன் புதுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தான். அதற்குக் கைமாத்து என்று பேர் வைத்தான். ஒருவனுக்கு மூச்சு அறுந்தால், பக்கத்தில் இருப்பவர் அந்தப் பேச்சை விட்ட இடத்திலிருந்து பிடித்து முடிக்கலாம். ஒரே நிபந்தனை, பிடிக்கிறவர் நடுவில் புது மூச்சு இழுக்கக் கூடாது, நெஞ்சில் இருக்கிற மூச்சாலேயே முடிக்க வேண்டும். அப்படி முடித்தால் அது முதலாமவன் செய்த வேலையாகவே கணக்கு.

நுஸ்ஹா ஒரேயடியாக மறுத்தாள். அது அழாப்பு, கள்ள ஆட்டம் என்றாள். மற்றவர் முடித்தால் மற்றவருடைய வேலைதான், அது எப்படி உங்களுடையதாகும் என்று வாதாடினாள். அவன் விடவில்லை, வாரக்கணக்காக அதைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஷிஹாப் இரண்டு பக்கமும் தலையாட்டினான். உள்ளதைச் சொன்னால் அவளுக்குச் சட்டத்தின் மேல் ஒரு கோபமும் இல்லை. கைமாத்துக்கு ஓம் என்றால், இனி இவனால் தனியாக ஒரு பேச்சை முடிக்க முடியாது என்பதற்கும் ஓம் என்றதாகிவிடும். அதைச் சொல்ல அவளுக்குப் பயம். செத்தாலும் சொல்ல மாட்டாள் என்கிற மாதிரிப் பயம்.

அப்படியாக, சட்டங்களை எழுதி வைத்திருந்த கார்டின் அடியில் அந்த ஒரு வரிக்கான இடம் வெறுமையாகவே இருந்தது.

பகல் ஏறியது. ஊர் ஆண்கள் குளித்து அத்தர் பூசி ஜும்ஆவுக்குப் புறப்பட்டார்கள். றவூப் மாமா போகிற வழியில் எட்டிப் பார்த்து, கலிமாவை மறுபடி ஓதிக்காட்டி, ஹில்மி சொன்னதும், தொழுதுவிட்டு ஓடிவருகிறேன் என்று போனார். ஷிஹாபும் அவரோடு போனான். மாத்தளை ரோட்டில் வாகனச் சத்தம்கூட அடங்கிப்போயிற்று. ஆக்சிஜன் மெஷின் மட்டும் கட்டிலடியில் உறுமிக்கொண்டிருந்தது. அதன் தண்ணீர்க் குப்பியில் குமிழிகள் ஏறி ஏறி உடைந்தன.

உம்மா லுஹர் தொழ அடுத்த அறைக்குப் போகும்போது, வாசலில் நின்று நுஸ்ஹாவைப் பார்த்து விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். கண்கள் கலங்கியிருந்தன. இனி ஒரு பேச்சு வேண்டாம் என்று அர்த்தம். நுஸ்ஹா தலையாட்டினாள்.

இருவர் மட்டும். நுஸ்ஹா அவனுடைய நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஏறியது, இறங்கியது. அடுத்தது ஏறுவதற்கு முன்னால் ஒரு இடைவெளி வந்தது. காலையில் அந்த இடைவெளி இல்லை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு ஏறிய பிறகுதான் அவளும் மூச்சு விட்டாள்.

ஹில்மி கண்ணைத் திறந்தான். அவள் பார்த்த பார்வையிலேயே அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும், பேசாதே என்று கேட்கிறாள் என்று. இருந்தும் பேசினான்.

"கைமாத்து ஈக்கா... இல்லயா?"

அடுத்த அறைப்பக்கம் பார்த்தாள். உம்மா தக்பீர் கட்டித் தொழத் தொடங்கிவிட்டாள். நுஸ்ஹாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா இது? இப்போது இவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால், கடைசிப் பேச்சு கைமாத்து என்றாகிவிடுமே! இரும்புப் பொம்மைச் சண்டையின் சட்டம்! உம்மாவுக்கு எந்த முகத்தோடு அதைச் சொல்வது? ஓம் என்று ஒரு சொல் சொன்னால் அவன் அடங்கியிருப்பான். அந்த ஒரு சொல்லுக்கு நாக்கு எழும்பவில்லை.

"பொறகு பாப்பம் நானா. இப்ப சும்மா ஈங்க."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பார்வை கொஞ்சம் அப்பால் போயிற்று. இடைவெளி நீண்டது. நெஞ்சு ஏறியது, ஆனால் பாதிதான் ஏறியது. உதட்டோரம் நீலம் பாய்வதைக் கண்டதும் நுஸ்ஹா எழுந்தாள். உம்மா என்று கத்த வாயெடுத்தாள், சத்தம் வரவில்லை. ஓடிப்போய் இழுத்துக்கொண்டு வரலாம், அதற்குள் போய்விட்டால்? தனியாகப் போய்விட்டால், வாப்பா மாதிரி? காலை நகர்த்தப் பயந்து, அவனுடைய காதோடு குனிந்து, மாமா சொல்லித் தந்த மாதிரி, கட்டளையாக இல்லாமல், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல ஓதினாள். லா இலாஹ இல்லல்லாஹ். ஓதிவிட்டு ஒரு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அவனுடைய வாயையே பார்த்தாள்.

அவனுக்குக் கேட்டது. உதடுகள் அசைந்தன. இருந்த உயிரையெல்லாம் திரட்டிக்கொண்டு தொடங்கினான்.

"லா... இலாஹ..."

அவ்வளவுதான். மூச்சு வெளியே வந்தது. நுஸ்ஹா அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். நெஞ்சு ஏறவில்லை. இடைவெளி போய்க்கொண்டே இருந்தது. வாய் கடைசி எழுத்தில் திறந்தபடியே நின்றது.

லா இலாஹ என்றால் இறைவன் இல்லை. அல்லாஹ்வைத் தவிர என்பது மற்றப் பாதியில்தான் வருகிறது. தமிழில் முடிக்காத பேச்சுக்கு அர்த்தமே இருக்காது, தொங்கிக்கொண்டு கிடக்கும், அதனால் கெடுதியும் இல்லை. அறபில் 'இல்லை' என்பது முன்னால் வருகிறது. பாதியில் நின்றால் அந்த 'இல்லை' மட்டும் முழுதாக நிற்கிறது. அறைக்குள் அது நின்றது. ஐந்து வேளையும் விடாத பிள்ளையின் வாயிலிருந்து, இறைவன் இல்லை என்று. நுஸ்ஹாவுக்கு அப்படியொரு பயம் அதற்கு முன்னும் வந்ததில்லை, அதற்குப் பின்னும் வரப்போவதில்லை. யோசித்துச் செய்ய அவளுக்கு நேரம் இருக்கவில்லை. இழுத்துப் பிடித்திருந்த மூச்சு இன்னும் நெஞ்சில் இருந்தது.

"இல்லல்லாஹ்," என்றாள்.

சத்தமாகத்தான் சொன்னாள். சொல்லிய பிறகு மூச்சு இழுத்தாள். அவன் இழுக்கவில்லை.

உம்மா ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டு வந்து பார்த்தபோது, நுஸ்ஹா அவனுடைய கையைப் பிடித்தபடி குந்தியிருந்தாள். கட்டிலடியில் மெஷின் தன் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது, குமிழிகள் ஏறிக்கொண்டிருந்தன. உம்மா அலறவில்லை. இன்னா லில்லாஹி என்றாள். மகனின் கண்களைத் தடவி மூடினாள். திறந்திருந்த வாயைத் தாடையோடு சேர்த்துத் துணியால் கட்டினாள். நுஸ்ஹாவிடம் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டவர் மாமா. ஜும்ஆ முடிந்து ஓடிவந்தவர், மெஷினை நிறுத்திவிட்டு, நெற்றியில் முத்தமிட்டுவிட்டு நிமிர்ந்து, "கலிமா சென்னா?" என்றார்.

"சென்ன," என்றாள் நுஸ்ஹா.

வகுப்பில் என்றால் அவள் அப்படித் தப்பியிருக்க முடியாது. சொன்னான், சொன்னேன், சொன்னோம், யார் சொன்னது என்று வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். பிள்ளைகள் பிழைவிட்டால் சிவப்புப் பேனையால் வட்டம் போடுகிறவளும் அவள்தான். வீட்டுப் பேச்சில் அந்தத் தொல்லை இல்லை. நான் சென்ன, நீ சென்ன, அவன் சென்ன, எல்லாம் ஒன்று. மாமாவின் முகம் மலர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றபடி வெளியே போனார். வாசலில் நின்றவர்களுக்கு அவர் சொல்வது கேட்டது: கலிமாவோட போன, வெள்ளிக்கெழம மவுத்து, இதவிட என்ன நஸீபு வேணும். அந்தச் செய்தி ஒழுங்கை நெடுகப் போய், வருகிற பெண்களின் வாயில் ஏறித் திரும்பி வீட்டுக்குள் வந்தது. ஒவ்வொருத்தியும் உம்மாவைக் கட்டிப்பிடித்து அதையே சொன்னாள். உம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

நுஸ்ஹா ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் செத்தாள். பொய் சொன்னாளா? பொய் இல்லை. உண்மையா? அதுவும் முழுதாக இல்லை. அவன் விட்ட பாதியை அவள் முடித்தாள். மற்றவர் முடித்தால் அது மற்றவருடைய வேலை என்று வாதாடியவளும் அவள்தானே! அவளுடைய வாதப்படி இல்லல்லாஹ் அவளுடையது. அவனுடையது வெறும் லா இலாஹ. இன்றைக்கு மண்ணுக்குள் வைத்ததும் வானவர்களான மலக்குகள் வந்து உன்னைப் படைத்த றப்பு யார் என்று கேட்பார்கள். அங்கேயும் அவனுக்கு மூச்சு முட்டினால்? பாதியில் நின்றால்? பக்கத்தில் யார் இருப்பார்கள்?

அஸர் தொழுகைக்கு முன்னால் ஷிஹாப் கபன் துணியும் கற்பூரமும் கொண்டுவந்து அடுப்படிக் கதவருகே நின்றான். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. நுஸ்ஹா பொதியை வாங்கினாள், ஆனால் கதவை விட்டு நகரவில்லை.

"மச்சான்," என்றாள் மெதுவாக. "கைமாத்துல முடிச்சா அது ஆருட?"

ஷிஹாபுக்கு முதலில் விளங்கவில்லை. இந்த நேரத்தில் ஆட்டத்தைப் பற்றிக் கேட்கிறாளே என்று பார்த்தான்.

"நீதானே அது ஏலாண்டு சென்ன," என்றான். சொல்லி முடித்த பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றவனின் வாய் மெல்லத் திறந்தது. உள்ளேயிருந்து மாமா கூப்பிட, தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டான்.

குளிப்பாட்டினார்கள், கபனிட்டார்கள். முகத்தைக் கடைசியாகக் காட்டியபோது தாடைக்கட்டை அவிழ்த்திருந்தார்கள். வாய் ஒழுங்காக மூடியிருந்தது, எதையோ சொல்லி முடித்தவனின் வாய் மாதிரி. நுஸ்ஹா அதை நம்பவில்லை. சந்தூக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆண்கள் கலிமாவை உரக்கச் சொல்லியபடி படியிறங்கினார்கள். ஏற்றத்தில் திரும்பும்வரை குரல் கேட்டது, பிறகு இல்லை.

பெண்கள் முன்னறையில் பாய் விரித்து, வெள்ளைத் துணியைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு தஸ்பீஹ் மணிமாலையை எடுத்துக்கொண்டார்கள், மையத்துக்காக, இறந்துபோனவனுக்காகக் கலிமா ஓத. உம்மா எழுந்து நுஸ்ஹாவின் கையைப் பிடித்துக் காலியான அறைக்குள் கூட்டிப்போனாள். கட்டிலில் விரிப்பு எடுக்கப்பட்டிருந்தது. கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"சென்னண்டு எல்லாரும் செல்ற," என்றாள் உம்மா. "ஆரு சென்ன?"

நுஸ்ஹாவுக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது. உம்மாவின் கை அவளுடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தது, கோபமாக அல்ல, விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்கிறவளின் பிடி. இப்போது பொய் சொன்னால் உம்மா நிம்மதியாகத் தூங்குவாள். சொல்ல முடியவில்லை.

"நாங்க சென்ன, உம்மா."

உம்மா தலையாட்டினாள். "தொழுகையில ஈக்கக்கொள்ள ரெண்டு கொரல் கேட்ட. அவன் எது வரக்கும்?"

"இலாஹ வரக்கும்."

உம்மாவின் கண் இமைகள் மூடின. முகம் வெளிறிப்போனது. உதடு ஏதோ முணுமுணுத்தது, சத்தம் வெளியே வரவில்லை. முன்னறையில் பெண்கள் ஓதத் தொடங்கிவிட்டார்கள். உம்மா கண்ணைத் திறந்தாள்.

"நடுவுல நீ மூச்சு எடுத்தா?"

நுஸ்ஹா திடுக்கிட்டு உம்மாவைப் பார்த்தாள். அடுப்படியில் சட்டி பானைக்கு நடுவே, இத்தனை வெள்ளிக்கிழமையும், உம்மா ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இல்ல உம்மா," என்றாள். "எடுக்கல்ல."

உம்மா அவளுடைய மணிக்கட்டை விட்டாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு முன்னறைக்குப் போனாள். நுஸ்ஹாவும் பின்னால் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெண்கள் எல்லோரும் ஒரே குரலாக, லா இலாஹ இல்லல்லாஹ், லா இலாஹ இல்லல்லாஹ் என்று மணி உருட்டிக்கொண்டிருந்தார்கள். உம்மாவும் ஒரு மாலையை எடுத்தாள். அவர்கள் லா இலாஹ என்று சொல்லும்போது அவளுடைய வாய் மூடியிருந்தது. அதற்குப் பிறகு, விட்ட இடத்திலிருந்து, இல்லல்லாஹ் என்று மட்டும் சொல்லி ஒரு மணியைத் தள்ளினாள். மறுபடி காத்திருந்தாள். இல்லல்லாஹ் என்றாள். யாரோ ப்ளேன்டி கொண்டுவந்து முன்னால் வைத்தார்கள். உம்மா அதைப் பார்க்கவில்லை.